வென்றும் இடமிழந்தவர்கள்: வொல்லொங்கொங் கால்பந்துக் கழகத்தின் வரலாறு



அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் மதரஸா மாணவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிடுவார்கள். அவர்கள் அணிந்திருக்கும் சட்டைகளில் பெரும்பாலும் ரியல் மாட்ரிட், பார்சிலோனா போன்ற பெயர்களே இருக்கும். ஒருநாள் அவர்களிடம், 2001-ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடைபெறவிருந்த உலகக் கழகப் போட்டியைப் பற்றிச் சொன்னேன். அதற்கு 12 கழகங்கள் தகுதி பெற்றிருந்தன. ஸ்பெயினின் ரியல் மாட்ரிட், அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ், துருக்கியின் கலாட்டசராய், சவூதியின் அல் ஹிலால், எகிப்தின் ஸமாலிக் ஆகியவை அவற்றுள் சில. ஆஸ்திரேலியாவின் வொல்லொங்கொங் வுல்வ்ஸ் என்ற கழகமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்தப் பெயரை மாணவர்களில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

அக்கழகம் தன் நாட்டில் அடுத்தடுத்து இருமுறை வாகையர் பட்டம் வென்றது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் நாட்டின் உயர்நிலைப் போட்டியிலேயே அதற்கு இடமில்லாமல் போயிற்று. இதைச் சொன்னபோது ஒரு மாணவர், "தோற்றவனை வெளியேற்றுவார்கள், வென்றவனை எப்படி ஹஜ்ரத் வெளியேற்ற முடியும்?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி அது. அந்த ஊரின் வரலாற்றையும் அக்கழகத்தின் வரலாற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் விளங்கும். ஆகவே இக்கட்டுரை.

நிலக்கரியும் எஃகும் வளர்த்த ஊர்

சிட்னி மாநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் செங்குத்தான மலைத்தொடருக்கும் இடையே உள்ள குறுகிய நிலப்பரப்பில் வொல்லொங்கொங் நகரம் அமைந்துள்ளது. அப்பகுதிக்கு இல்லவாரா என்று பெயர். அந்த மலைத்தொடருக்குள் நிலக்கரி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சுரங்கங்கள் தோண்டப்பட்டன. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய நாடுகளிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே குடியேறினர்.

அந்த வாழ்வுக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1887-இல் புல்லி சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 81 பேர் உயிரிழந்தனர். 1902-இல் மவுண்ட் கெம்ப்ளா சுரங்கத்தில் 96 பேர் மாண்டனர். ஒவ்வொரு வீதியிலும் ஒரு கைம்பெண்ணும் சில அநாதைக் குழந்தைகளும் இருந்த காலம் அது. அபாயத்தை ஒன்றாகச் சுமந்தவர்கள் துயரத்தையும் பொழுதுபோக்கையும் ஒன்றாகவே பகிர்ந்துகொண்டார்கள். சங்கம் அமைப்பதும், நிதி திரட்டுவதும், வாரக் கடைசியில் பந்து விளையாடுவதும் அவர்களுடைய வாழ்க்கையின் பகுதிகளாயின.

1928-இல் அருகிலுள்ள போர்ட் கெம்ப்ளாவில் எஃகு ஆலையின் ஊதுலை இயங்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆலை பெருகி வளர்ந்தது. உள்ளூர்க் கைகள் போதவில்லை. போரினால் சிதைந்த ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வந்தார்கள். இத்தாலியர், மாசிடோனியர், கிரேக்கர், குரோஷியர், செர்பியர், ஜெர்மானியர் எனப் பல மொழியினர் ஒரே உலையின் வெப்பத்தில் வேலை செய்தனர். 1967-இல் ஆஸ்திரேலியாவும் துருக்கியும் குடிபெயர்வு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு துருக்கியக் குடும்பங்களும் அங்கே வந்து சேர்ந்தன. ஆலைக்கு எதிரேயுள்ள கிரிங்கிலா என்னும் தொழிலாளர் குடியிருப்பில் இன்று பிலால் பள்ளிவாசல் இருக்கிறது. தொழிலுக்காக ஊர் விட்டுச் சென்றவர்கள் தம்மோடு எதை எடுத்துச் செல்கிறார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

கழகத்துக்கு முன்பிருந்த கால்பந்து

ஆஸ்திரேலியாவில் கால்பந்து முதன்மை விளையாட்டு அன்று. மெல்பர்ன், பெர்த் போன்ற நகரங்களில் முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் ஆஸ்திரேலிய விதிமுறை ஆட்டமே மக்களின் ஆட்டம். சிட்னியிலும் வொல்லொங்கொங்கிலும் ரக்பி லீக் கோலோச்சியது. நாம் கால்பந்து என்று சொல்வதை அவர்கள் சாக்கர் என்று அழைத்து, வந்தேறிகளின் விளையாட்டாகவே நெடுங்காலம் கருதினர்.

ஆயினும் இல்லவாராவில் அது ஆழமாக வேர்விட்டிருந்தது. சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த பால்கௌனி கிராமத்தில் 1883-இல் தோன்றிய பால்கௌனி ரேஞ்சர்ஸ் கழகம், ஆஸ்திரேலியாவின் மிகப் பழமையான கால்பந்துக் கழகங்களுள் ஒன்று; அது இன்றும் ஆடி வருகிறது. 1960-களில் சவுத் கோஸ்ட் யுனைடெட் என்ற கழகம் இவ்வட்டாரத்தின் சார்பில் மாநிலத்தின் முதல்நிலைப் போட்டியில் சிட்னிக் கழகங்களுக்குச் சமமாக நின்றது. இங்கிலாந்திலிருந்து 1969-இல் அக்கழகத்துக்கு ஆட வந்த பீட்டர் வில்சன்தான், 1974-இல் ஆஸ்திரேலியா முதன்முறையாக உலகக் கோப்பையில் பங்கேற்றபோது அணியின் தலைவராக இருந்தார்.

ஆகவே வொல்லொங்கொங்கில் கால்பந்துக் கழகம் ஒன்று தோன்றியபோது, அது வெற்று நிலத்தில் நடப்பட்ட செடியாக இருக்கவில்லை. நூறாண்டுப் பழக்கம் அந்த மண்ணில் இருந்தது.

ஊரின் பெயரால் ஒரு கழகம்

1977-இல் தேசிய சாக்கர் லீக் தொடங்கப்பட்டது. அதில் ஆடிய கழகங்களுள் பல ஒவ்வோர் இனத்தவரின் சங்கங்களிலிருந்து பிறந்தவை. சிட்னியின் மார்கோனி இத்தாலியருடையது. சவுத் மெல்பர்ன் கிரேக்கருடையது. செயின்ட் ஜார்ஜ் ஹங்கேரியருடையது. அந்நிய மண்ணில் தாய்மொழி பேசவும், பிள்ளைகளுக்கு வரன் பார்க்கவும், ஒருவருக்கொருவர் உதவவும் அக்கழகங்கள் இடமளித்தன. அவற்றின் தொண்டு சிறியதன்று. எனினும் வெளியிலிருந்து பார்த்தவர்கள் அவற்றைத் தமக்குரியவையாக எண்ணவில்லை.

1980-இல் உருவாகி, 1981-இல் தேசிய லீகில் சேர்ந்த கழகம் தனக்கு வொல்லொங்கொங் சிட்டி என்று பெயரிட்டுக்கொண்டது. பின்னாளில் ஓநாய்கள் என்று பொருள்படும் வுல்வ்ஸ் என்ற சொல் அதனுடன் இணைந்தது. பல இனத்தவர் வாழும் ஊரில் ஓர் இனத்தின் பெயரைச் சூடாமல் ஊரின் பெயரையே சூடியது, அக்கழகத்தின் வரலாற்றில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. மாசிடோனியர் வீட்டுப் பிள்ளையும் இத்தாலியர் வீட்டுப் பிள்ளையும் ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளையும் ஒரே சட்டையை அணிந்தார்கள்.

காலம் சாதகமாக இல்லை. கழகம் தேசிய லீகில் நுழைந்த மறுஆண்டே எஃகுத் தொழில் பெரும் நெருக்கடிக்குள் விழுந்தது. 20,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்த ஆலையிலிருந்து தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டனர். 1982 அக்டோபரில் கெமிரா சுரங்கத்தில் 31 தொழிலாளர்கள் வேலைநீக்கத்தை எதிர்த்து, நிலத்துக்கடியில் 16 நாட்கள் வெளியே வராமல் இருந்து போராடினார்கள். குடும்பத் தலைவருக்கு அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று தெரியாத வீட்டில் ஆட்டச் சீட்டுக்கு எங்கே பணம்? கழகத்தின் முதல் இருபது ஆண்டுகள் ஏற்றமும் இறக்கமுமாகவே கழிந்தன. 1980-களின் நடுப்பகுதியில் தேசிய லீகிலிருந்து விலகி மாநிலப் போட்டிக்குத் திரும்பவும் நேர்ந்தது. பிறகு மீண்டும் ஏறி வந்தது.

பகலில் வேலை, மாலையில் பந்து

அரைத் தொழில்முறைக் கழகம் என்பதன் பொருளை இங்கே விளக்கிவிடுவது நல்லது. முழுத் தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஆட்டமே வேலை. காலையில் பயிற்சி, பகலில் ஓய்வு, தனி மருத்துவர், தனி உணவு எல்லாம் அவருக்கு உண்டு. அரைத் தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கழகம் தருவது ஒரு சிறு தொகை. அதை வைத்துக் குடும்பம் நடத்த இயலாது. அவர் பகலில் தச்சராகவோ, மின்பணியாளராகவோ, ஆசிரியராகவோ வேலை பார்ப்பார். வேலை முடிந்து களைத்த உடலோடு மாலையில் பயிற்சிக்கு வருவார். வாரக் கடைசியில் ஆடுவார். திங்கள் காலையில் மீண்டும் வேலைக்குச் செல்வார்.

கழகத்தின் பிற பணிகளும் அவ்வாறே. சீட்டு கிழிப்பவர், தேநீர் போடுபவர், வலையைக் கட்டுபவர், சிறுவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர் ஆகியோரில் பெரும்பாலோர் கூலி வாங்காத தன்னார்வலர்கள். சிறுவர் அணிகளின் சந்தா, உள்ளூர்க் கடைக்காரர்களின் நன்கொடை, வாயில் வசூல் ஆகியவற்றால் கணக்கு ஓடும்.

இந்த அமைப்பின் சிறந்த எடுத்துக்காட்டு ஸ்காட் சிப்பர்ஃபீல்ட். 1975-இல் வொல்லொங்கொங்கில் பிறந்த அவர் வுல்வ்ஸ் அணியின் இடப்புற ஆட்டக்காரர். அணியின் புகழ்மிக்க வீரராக இருந்த காலத்திலும் பள்ளிப் பேருந்து ஓட்டி வாழ்க்கை நடத்தினார். பேருந்தில் ஏறிய பிள்ளைகள், சென்ற வாரம் கோல் அடித்தவரின் கையால் ஓட்டப்பட்ட வண்டியில் பள்ளிக்குச் சென்றார்கள். புகழுக்கும் எளிமைக்கும் இடையே சுவர் எழாத காலம் அது.

பெர்த்தில் ஒரு மாலை

1999-2000 பருவத்தில் பயிற்சியாளர் நிக் தியோடோரகோபுலோஸின் கீழ் வுல்வ்ஸ் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. 2000 ஜூன் மாதம், பெர்த் நகரின் சுபியாக்கோ மைதானத்தில் ஆட்டம். எதிரணி பெர்த் குளோரி. சிட்னியிலிருந்து பெர்த் வான்வழியில் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்ல வேண்டும். மைதானத்தில் 43,000-க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெர்த் அணியின் ஆதரவாளர்கள்.

இடைவேளையில் பெர்த் குளோரி 3-0 என்று முன்னிலை பெற்றிருந்தது. கால்பந்தில் மூன்று கோல் இடைவெளி என்பது பெரும்பாலும் முடிந்துபோன கதை. வெற்றிக் கொண்டாட்டத்துக்கு ஊர் ஆயத்தமாகிவிட்டது.

இரண்டாம் பாதியில் சிப்பர்ஃபீல்ட் ஒரு கோல் அடித்தார். அடுத்து மேட் ஹார்ஸ்லி ஒன்று. ஆட்டம் முடியும் தறுவாயில் பால் ரீட் மூன்றாவது கோலை அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவு கிட்டவில்லை. பெனால்டி உதைகளில் வுல்வ்ஸ் 7-6 என்று வென்றது. எஃகு ஊரின் கழகம் முதன்முறையாக ஆஸ்திரேலிய வாகையர் ஆனது. அந்நாட்டுக் கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த மீட்சிகளுள் ஒன்றாக அந்த ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது.

வந்த அழைப்பும் பறிபோன பயணமும்

அக்காலத்தில் ஆஸ்திரேலியா ஓசியானியா கால்பந்துக் கூட்டமைப்பில் இருந்தது. ஆசியக் கூட்டமைப்புக்கு மாறியது 2006-இல்தான். ஆகவே ஆஸ்திரேலிய வாகையரான வுல்வ்ஸ், 2001 ஜனவரியில் பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் நடந்த ஓசியானியக் கழகங்களின் போட்டிக்குச் சென்றது. இறுதி ஆட்டத்தில் வனுவாட்டு நாட்டின் தாஃபியா கழகத்தை 1-0 என வென்று கோப்பையைப் பெற்றது. அதன் பரிசாகத்தான் ஸ்பெயினில் நடக்கவிருந்த உலகக் கழகப் போட்டிக்கான இடம் கிடைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு பிரேசிலில் நடந்த முதல் போட்டியில் சவுத் மெல்பர்ன் கழகம் ஓசியானியாவின் சார்பில் பங்கேற்று, மான்செஸ்டர் யுனைடெடை எதிர்த்து மரக்கானா மைதானத்தில் ஆடியிருந்தது. எனவே இது வெறுங்கனவு அன்று. கண்முன் நடந்து முடிந்த காரியம். குலுக்கலில் வுல்வ்ஸ் இடம்பெற்ற பிரிவில் போகா ஜூனியர்ஸ், ஸ்பெயினின் டிப்போர்ட்டிவோ லா கொருன்யா, எகிப்தின் ஸமாலிக் ஆகிய மூன்றும் இருந்தன. சில மாதங்களுக்கு முன் டோக்கியோவில் ரியல் மாட்ரிடையே வீழ்த்திய அணி போகா ஜூனியர்ஸ். பேருந்து ஓட்டுநர் ஒருவர் அவர்களை எதிர்த்து ஆடவிருந்தார். 2001 ஜூலை 28-இல் போட்டி தொடங்குவதாக இருந்தது.

மே 18 அன்று போட்டி கைவிடப்பட்டது. உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விளம்பர, ஒளிபரப்பு உரிமைகளைக் கையாண்ட ஐஎஸ்எல் என்ற நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்திருந்தது. அதன் விளைவாகவே இந்த முடிவு. எங்கோ ஸ்விட்சர்லாந்தில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் கவிழ்ந்ததால், வொல்லொங்கொங் ஆட்டக்காரர்களின் பயணம் நின்றுபோயிற்று. அந்தப் போட்டி மீண்டும் உயிர்பெற்றது 2005-இல். அதற்குள் அந்த அணியே கலைந்துவிட்டிருந்தது.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டி ரத்தான செய்தி வந்தபோது ஆஸ்திரேலியப் பருவம் இன்னும் முடியவில்லை. மனமுடைந்து போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் புதிய பயிற்சியாளர் ரான் கோரியின் கீழ், ஜூன் தொடக்கத்தில் சிட்னியின் பரமட்டா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் சவுத் மெல்பர்னை 2-1 என வென்று வுல்வ்ஸ் இரண்டாம் முறையாகவும் வாகையர் ஆனது. கையில் இருந்த வாய்ப்பு நழுவிய பிறகும் கடமையில் தளராமல் இருப்பதை நாம் ஸப்ர் என்கிறோம். அந்த இரண்டு வாரங்களை எண்ணும்போது அச்சொல்லே நினைவுக்கு வருகிறது.

மூடப்பட்ட கதவு

அதே ஆண்டு சிப்பர்ஃபீல்ட் ஸ்விட்சர்லாந்தின் பாசல் கழகத்துக்குச் சென்றார். அங்கே 2012 வரை ஆடி, ஏழு முறை அந்நாட்டு லீக் பட்டம் வென்றார். 2002-இல் ஐரோப்பிய வாகையர் போட்டியில் லிவர்பூலுக்கு எதிராகப் பாசல் 3-0 என முன்னிலை பெற, லிவர்பூல் 3-3 எனச் சமன் செய்தது. எனினும் அடுத்த சுற்றுக்குச் சென்றது பாசல்தான். மூன்று கோல் பின்தங்கி மீண்டவரின் புதிய அணி, மூன்று கோல் முன்னிலையை இழந்தும் தப்பியது. 2006, 2010 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் சிப்பர்ஃபீல்ட் ஆஸ்திரேலிய அணியில் இடம்பெற்றார்.

அவர் விட்டுச் சென்ற லீக் தள்ளாடிக்கொண்டிருந்தது. தேசிய சாக்கர் லீகில் பல கழகங்கள் கடனில் மூழ்கியிருந்தன. பார்வையாளர் குறைந்தனர். தொலைக்காட்சி வருவாய் இல்லை. நிர்வாகத்தின் மீது நம்பிக்கை இல்லை. அரசு கேட்டு 2003-இல் வெளியான கிராஃபர்ட் அறிக்கை, ஆட்ட நிர்வாகத்தை அடியோடு மாற்ற வேண்டுமென்று பரிந்துரைத்தது. 2004-இல் தேசிய லீக் நிறுத்தப்பட்டது. 2005-இல் எட்டுக் கழகங்களுடன் ஏ-லீக் என்ற புதிய போட்டி தொடங்கியது. அந்த எட்டில் வொல்லொங்கொங் இல்லை.

நீதியுடன் வரலாறு எழுத வேண்டுமானால் மறுதரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். பழைய லீக் உண்மையிலேயே சாகும் நிலையில் இருந்தது. ஒரு நகரத்துக்கு ஓர் அணி, ஆட்டக்காரருக்கு முழுநேர ஊதியம், எல்லா இனத்தவரும் தமதென்று கருதும் கழகங்கள் என்பவை புதிய லீகின் நோக்கங்கள். அவற்றால் பயன் விளைந்தது. பார்வையாளர் பெருகினர், தரம் உயர்ந்தது.

எனினும் மாணவரின் கேள்வி அப்படியே நிற்கிறது. எல்லா இனத்தவரும் தமதென்று கருதும் கழகம் வேண்டும் என்றார்கள். வுல்வ்ஸ் 1981 முதலே ஊரின் பெயரைத்தான் தாங்கி நின்றது. ஆட்டத்தில் தகுதி வேண்டும் என்றால், அது இருமுறை வாகையர். அதற்கு இல்லாதவை வேறு: பெரிய முதலீட்டாளர், பெரிய மக்கள்தொகை, சிட்னியிலிருந்து எட்டியிருக்கும் தொலைவு. புதிய லீகில் இடம் என்பது ஆடிப் பெறும் ஒன்றாக இருக்கவில்லை. பணம் செலுத்திப் பெறும் உரிமமாக இருந்தது. கீழ்நிலையில் முதலிடம் பெற்றாலும் மேல்நிலைக்கு ஏற வழியில்லை. மேல்நிலையில் கடைசி இடம் பெற்றாலும் கீழே இறங்கும் அச்சமில்லை.

ஊர் சிறியது என்ற காரணமும் முழுமையானதன்று. சிட்னிக்கு வடக்கே ஏறத்தாழ அதே அளவு தொலைவில் உள்ள சென்ட்ரல் கோஸ்ட் என்ற சிறு வட்டாரத்துக்கு அந்த எட்டில் ஓர் இடம் கிடைத்தது. அங்கே உருவான மரினர்ஸ் கழகம் 2013, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஏ-லீக் வாகையர் ஆனது. வாய்ப்புக் கொடுத்தால் சிறிய ஊரும் வெல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சிறிய மைதானங்களில் கழிந்த ஆண்டுகள்

இடம் இழந்த கழகத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. கடந்தகாலக் கோப்பைகளைத் துடைத்து வைத்துக்கொண்டு கதவை மூடிவிடலாம். அல்லது, மாநிலப் போட்டிக்குத் திரும்பி முதற்படியிலிருந்து நடக்கலாம். பழைய லீகின் சில கழகங்கள் முதல் வழியில் மறைந்தன. வுல்வ்ஸ் இரண்டாவதைத் தேர்ந்தது.

43,000 பேர் முன் ஆடிய கழகத்தின் ஆட்டங்களைச் சில நூறு பேர் மட்டும் பார்த்த வாரங்கள் வந்தன. சில ஆண்டுகள் சவுத் கோஸ்ட் வுல்வ்ஸ் என்ற பெயரில் ஆடியது. மைதானங்கள் மாறின. பழைய தேசிய லீக் நாட்களின் மைதானமான பிராண்டன் பார்க், பல்கலைக்கழகத்தின் புத்தாக்க வளாகமாக உருமாறியது. கட்டடங்கள் எழுந்த அந்நிலத்தில் முன்பு கோல் கம்பங்கள் நின்றன என்பதை இன்றைய மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

அந்த ஆண்டுகளில் கழகத்தைக் காத்தவர்களின் பெயர்கள் எந்தப் பதக்கத்திலும் பொறிக்கப்படவில்லை. சிறுவர்களை வாரந்தோறும் மைதானத்துக்கு அழைத்து வந்த பெற்றோர், கணக்கு எழுதியவர்கள், மழைக்குப் பின் புல்வெளியைச் சீர்செய்தவர்கள் ஆகியோரே அவர்கள். பெரிய வெற்றிக்குக் கூட்டம் தானே சேரும். வெற்றியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை என்ற நிலையில் வாரந்தவறாமல் வருவதற்கு வேறோர் உறுதி வேண்டும்.

2018-இன் இறுதியில் ஏ-லீகை விரிவாக்க இரண்டு புதிய இடங்கள் அறிவிக்கப்பட்டன. அவை மெல்பர்னின் மேற்குப் பகுதிக்கும் சிட்னியின் தென்மேற்குப் பகுதிக்கும் சென்றன. வொல்லொங்கொங்குக்கு மீண்டும் ஏமாற்றம். அடுத்த ஆண்டே வுல்வ்ஸ் தன் பதிலை மைதானத்தில் சொன்னது. அப்போது அதன் பயிற்சியாளர் லூக் வில்க்ஷயர். அவரும் அவ்வூரில் பிறந்தவர். இங்கிலாந்து, நெதர்லாந்து, ரஷ்யா ஆகிய நாடுகளில் ஆடியவர். சிப்பர்ஃபீல்டுடன் இரு உலகக் கோப்பை அணிகளில் இடம்பெற்றவர். உலகம் சுற்றிய பின் சொந்த ஊரின் அரைத் தொழில்முறைக் கழகத்தைப் பயிற்றுவிக்க வந்தார். 2019-இல் வுல்வ்ஸ் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் போட்டியில் முதலிடம் பெற்றது. பின்னர் மாநில வாகையர்கள் மோதிய தேசிய இறுதி ஆட்டத்தில் குயின்ஸ்லாந்தின் லயன்ஸ் கழகத்தை வென்று, அந்நிலையின் தேசிய வாகையரும் ஆனது. எனினும் விதி மாறவில்லை. அந்த வெற்றியால் ஒரு படிகூட மேலே ஏற முடியாது.

நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின், 2023 நவம்பரில் ஆஸ்திரேலியக் கால்பந்து நிர்வாகம் தேசிய இரண்டாம்நிலைப் போட்டிக்கான எட்டு அடித்தளக் கழகங்களை அறிவித்தது. அவற்றுள் வொல்லொங்கொங் வுல்வ்ஸ் ஒன்று. மார்கோனி, சவுத் மெல்பர்ன் போன்ற பழைய தோழர்களும் அப்பட்டியலில் இருந்தனர். 2025 அக்டோபரில் 16 கழகங்களுடன் ஆஸ்திரேலியன் சாம்பியன்ஷிப் என்ற பெயரில் போட்டி தொடங்கியது. 2004-இல் நின்ற தேசியப் பயணம் 21 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தொடங்கியது எனலாம். ஏ-லீகுக்கு ஏறும் கதவு இன்னும் திறக்கப்படவில்லை. ஆனால் அந்தக் கதவு வரை செல்லும் பாதையில் ஒரு பகுதி போடப்பட்டுவிட்டது.

மாணவருக்கு என் பதில்

வென்றவனை எப்படி வெளியேற்ற முடியும் என்று கேட்ட மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: மைதானத்தில் வெற்றியை அளக்கும் கோல் ஒன்று, மைதானத்துக்கு வெளியே இடத்தை அளக்கும் கோல் வேறொன்று. முதலாவதில் உழைப்பு நிறுக்கப்படுகிறது. இரண்டாவதில் பெரும்பாலும் பணமும் மக்கள்தொகையும் நிறுக்கப்படுகின்றன. இரண்டும் ஒன்றென எண்ணி வளரும் பிள்ளை, முதல் அநீதியைச் சந்தித்ததும் உழைப்பையே வெறுத்துவிடுவான். இரண்டும் வேறு என்று அறிந்தவன் அநீதியை அநீதி என்று சொல்வான். அதற்காகத் தன் வேலையைக் கைவிட மாட்டான். வுல்வ்ஸ் தன் இடத்தைக் கேட்பதை நிறுத்தவில்லை, ஆடுவதையும் நிறுத்தவில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல். நம் பிள்ளைகள் தொலைதேசத்துப் பெருங்கழகங்களின் சட்டையை அணிவதில் தவறில்லை. அதோடு, நம் ஊர் மைதானத்தில் மாலைதோறும் சிறுவர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுக்கும் அந்த மனிதரையும் அவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். பகல் முழுவதும் எங்கோ வேலை பார்த்துவிட்டு வருபவர் அவர். எல்லைக் கோட்டுக்குச் சுண்ணாம்பு வாங்கவும் தம் பையிலிருந்தே எடுப்பவர். முடிந்தால் அடுத்த முறை அந்தச் சுண்ணாம்புக்கான செலவை நாம் ஏற்றுக்கொள்வோம்.